விரிப்பின் மறுமுனையில் நின்றவள்

"பிடி."

"பிடிச்சிருக்கேன்க்கா."

"பிடிச்ச மாதிரியா இருக்கு? நடுவுல ஊஞ்சல் கட்டின மாதிரி தொங்குது. இழு."

சலவை நிலையத்தின் மடிப்பறையில் காலை வேலை தொடங்கியிருந்தது. விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் உலர்த்தும் இயந்திரத்தின் சூடு ஆறாமல் மேசைமேல் மலையாகக் குவிந்து கிடந்தன. அவற்றை ஒரே ஆள் மடிக்க முடியாது. இருவர் ஆளுக்கொரு முனையில் நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். நீளவாக்கில் மடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். தன் முனையை எதிரில் நிற்பவளின் கையில் கொடுத்தவள், குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்து மேலே எடுக்க வேண்டும். ஒரு விரிப்புக்கு ஒருத்தி குனிந்தால் அடுத்ததற்கு மற்றவள். இதுதான் மடிப்பறை நியாயம். அந்த நியாயம் கொஞ்ச காலமாக அங்கே செல்லுபடியாகவில்லை.

"உன் முறை. குனி."

"நீங்களே எடுத்துடுங்கக்கா. இன்னிக்கு மட்டும்."

"இன்னிக்கு மட்டும், இன்னிக்கு மட்டும்னே ஒரு வருஷம் ஓடிப்போச்சு. உன் முதுகுல என்ன, கம்பி வச்சுத் தச்சிருக்கா? மகாராணி குனிஞ்சா கிரீடம் விழுந்துடுமோ?"

இப்படிக் கேட்டவள் பெரியவள். திட்டு வாங்கிக்கொண்டவள் சின்னவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். முன்பக்கம் சலவை நிலையம், பின்பக்கம் இரண்டு குடும்பமும் இருக்கும் வீடு. அண்ணன் வண்டியில் துணி எடுக்கப் போவான். தம்பி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வான். பெரியவளின் குரல் எல்லா இயந்திரங்களும் ஓடும்போதும் தெருமுனை வரை கேட்கும். வேலைக்கு வரும் பெண்கள் அவளுக்குச் 'சைரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

குனிந்து எடுத்த மடிப்போடு நிமிர்ந்தபோது சின்னவளின் முகம் அவளுக்கு மிக அருகில் இருந்தது.

"இடது கண்ணு ஏன் இப்படிச் செவந்து கிடக்கு? அழுதியா?"

"இல்லக்கா. பிளீச்சிங் பவுடர் பட்டிருக்கும்."

"அதே பவுடரைத்தானே நானும் அள்ளிக் கொட்டறேன்? என் கண்ணு மட்டும் என்ன, கல்லா?"

சின்னவள் அடுத்த விரிப்பின் முனையைத் தேடி எடுத்தாள். பதில் சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு அங்கே கிடைத்த ஒரே மூலை.

பக்கத்துக் கடைத் தையற்காரி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "என்னங்க, உங்க வீட்டுச் சின்னவ கண்ணு எப்பப் பார்த்தாலும் அழுத கண்ணா இருக்கு? பாவம், ரொம்பப் போட்டுப் படுத்தாதீங்க."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. "கேட்டியா? நான் ஒரு வார்த்தை சொன்னா நீ ஒரு குடம் கண்ணீர் விடறே. ஊர் வாயில என் பேர்தான் நாறுது. நான் கொடுமைக்காரி, நீ பூப்போல பொண்ணு!"

உண்மையில் சின்னவள் அழுதிருக்கவில்லை. விடிவதற்கு வெகு முன்பே வலி அவளை எழுப்பிவிடும். பிட்டத்தின் ஆழத்தில், இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் இடத்தில், யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். படுத்திருந்தால் கூடும்; எழுந்து நடந்தால் குறையும். காலையில் கட்டிலிலிருந்து எழுவது ஒரு பலகையைக் கட்டிலிலிருந்து இறக்குவதுபோல. நேராக எழ முடியாது. பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி, சுவரைப் பிடித்து எழ வேண்டும். குளியலறையில் வெந்நீரை முதுகில் விட்டுக்கொண்டே நிற்பாள். வெளியில் பெரியவள் கதவைத் தட்டுவாள். "உள்ள என்ன, தலைக்கு வர்ணம் தீட்டறியா?" வெயில் ஏற ஏற உடம்பு இளகிவிடும். மதியத்துக்கு மேல் அவளைப் பார்ப்பவர்களுக்கு, காலையில் பார்த்ததெல்லாம் வெறும் நடிப்பென்றுதான் தோன்றும். சில நாள் அவளுக்கே அப்படித் தோன்றியது.

அதைவிடக் கனமான ஒன்றையும் அவள் சுமந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். முதுகு முன்பக்கமாக வளைந்து இறுகிப்போனவர். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க இடுப்போடு சாய்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் பார்வையும் இல்லை. கல்யாணம் பேச வந்தவர்களிடம் அம்மா கூசாமல் சொன்னாள்: "குனிஞ்சு குனிஞ்சு வேலை செஞ்சு வளைஞ்ச முதுகுங்க. கண்ணுல சின்ன ஸ்பிரிங் ஒண்ணு தெறிச்சுடுச்சு." ஸ்பிரிங் எதுவும் தெறிக்கவில்லை என்பது மகளுக்குத் தெரியும். சிறு வயதில் அப்பா சிவந்த கண்ணை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, ஜன்னலைச் சாத்தச் சொல்லி உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

அன்று மாலை கடையின் பின்கட்டில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, காலையில எழுந்திரிக்கவே முடியலம்மா."

"இடுப்பு வலி யாருக்குத்தான் இல்ல? எனக்கு இல்லையா?"

"கண்ணும் மறுபடி செவந்திருக்கு. போன தடவை வலது, இப்போ இடது. அப்பாவுக்கும் இப்படித்தானே..."

"அப்பா பேச்சை எடுக்காதே!" அம்மாவின் குரல் சட்டென்று தணிந்தது. "பக்கத்துல யாராவது இருக்காங்களா? இங்க பாரு கண்ணு, உன் தங்கச்சி கல்யாணம் கூடி வர்ற நேரம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாலு பக்கமும் விசாரிக்கறாங்க. அக்காவுக்கும் அப்பா மாதிரின்னு காதுல விழுந்தா அவ்வளவுதான். உன் வீட்லயும் என்ன சொல்லுவாங்க? தெரிஞ்சே தலையில கட்டிட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா? கல்யாணம் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ. என் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினாள்.

கணவனிடமும் சொல்ல முடியவில்லை. அவன் நல்லவன்தான். மருந்துக் கடைக்கு ஓடிப்போய்ப் போன தடவை வாங்கிய அதே சொட்டு மருந்தை வாங்கி வந்தான். "இதுலதானே அப்போ சரியாச்சு? நாளையிலேர்ந்து நீ பவுடர் பக்கமே போகாதே." ஒவ்வொரு வலிக்கும் அந்த வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. கண்ணுக்குப் பவுடர். முதுகுக்கு ஈரத்துணி மூட்டை. சோர்வுக்குச் சோம்பல். காரணங்கள் நான்கு பக்கமும் சுவராக நிற்க, அவள் நடுவில் நின்றாள்.

சொட்டு மருந்து போட்டும் கண் அடங்கவில்லை. ஒரு நாள் மடிப்பறை வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. விரிப்பின் வெண்மையைப் பார்க்க முடியவில்லை. துணி அடுக்கும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணை உறைகளின் நடுவே இருட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவள் தேடிக்கொண்டு வந்தாள். "ஓ, கோப அறைக்குள்ள போயாச்சா? நான் தனியா விரிப்போட ரெண்டு முனையையும் பிடிச்சுக்கிட்டு வாயில கடிச்சா மடிக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே விளக்கைப் போட்டாள்.

சின்னவள் அலறினாள். இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"விளக்கை அணைங்கக்கா! அணைங்க!"

பெரியவள் விளக்கை அணைத்தாள். அந்த வீட்டில் ஒரு சத்தம் அவள் வாயை அடைத்தது அதுதான் முதல் தடவை. இருட்டில் தடவிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"காலையிலேர்ந்து இந்தக் கண்ணுல எல்லார் முகமும் புகைக்குள்ள தெரியற மாதிரி தெரியுதுக்கா."

"கிளம்பு, கண்ணாஸ்பத்திரிக்கு."

"வேண்டாம்க்கா. தானா சரியாயிடும்."

"உனக்காக இல்ல, எனக்காக. இது அழுத கண்ணா இல்லையான்னு டாக்டர் வாயாலயே வரட்டும். அந்தத் தையற்காரி முன்னால நான் தலை நிமிர்ந்து நடக்கணும்."

கண் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. சின்னவளின் மோவாயை ஒரு கருவியின் தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். தாங்கிக்குக் குனிய முடியாமல் சின்னவள் முக்காலியின் நுனியில் உட்கார்ந்து உடம்பையே முன்னால் தள்ள வேண்டியிருந்தது.

"இது பவுடரும் இல்ல, அழுகையும் இல்ல," என்றார் டாக்டர். பெரியவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். "கண்ணுக்குள்ளயே அழற்சி. யூவைட்டிஸ்னு சொல்லுவோம். கண்ணோட பாப்பாவைச் சுத்தி, வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி சுருங்கி விரியற திரை ஒண்ணு இருக்கு. அது வீங்கி, பின்னால இருக்கிற லென்சோட ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. மருந்துக் கடையில கேட்டு வாங்கின சொட்டு இதுக்கு உதவாது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா பார்வையே போயிருக்கலாம். முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?"

"இல்ல," என்றாள் சின்னவள்.

"காலையில முதுகு, இடுப்பு விறைச்சுக்குதா?"

"இல்ல."

"வீட்ல, அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது முதுகு வளையறது, அடிக்கடி கண்ணு சிவக்கிறது?"

சின்னவளுக்கு அம்மாவின் குரல் காதில் கேட்டது. பக்கத்தில் பெரியவள் மூச்சுவிடுவதும் கேட்டது.

"இல்ல டாக்டர். யாருக்கும் இல்ல."

டாக்டர் மருந்து எழுதத் திரும்பினார். அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது என்று சின்னவளுக்குத் தோன்றியது. அவள் கையாலேயே சாத்திய கதவு.

"இல்லையா?" பெரியவளின் சைரன் எழுந்தது. "டாக்டர், இவ பச்சையாப் பொய் சொல்றா! போன மழைக்காலத்துல வலது கண்ணு இதே மாதிரி ரத்தமா இருந்துது. காலையில இவ எழுந்து வர்றதைப் பார்க்கணுமே! சுவரைத் தடவிக்கிட்டு கிழவி மாதிரி வருவா. பாதி வேலையை நான் முடிச்ச அப்புறம்தான் இவ உடம்பு வளையும். மதியம் பாருங்க, மான் மாதிரி துள்ளி ஓடுவா. இதுலேர்ந்தே தெரியலையா நடிப்புன்னு?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியைப் பெரியவள் பக்கம் திருப்பினார். "சொல்லுங்க. இன்னும் சொல்லுங்க."

கேட்க ஆள் கிடைத்ததும் பெரியவளுக்கு உற்சாகம் பிறந்தது. "விடியறதுக்கு முன்னாலயே எழுந்து கூடத்துல பேய் மாதிரி நடப்பா. எங்க தூக்கமும் போச்சு. லீவு நாள்ல நல்லாப் படுத்து ஓய்வெடுன்னா மறுநாள் இன்னும் மோசமா வருவா. ஓய்வெடுத்தா யாருக்காவது வலி கூடுமா டாக்டர்?"

"சில பேருக்குக் கூடும்."

பெரியவள் கொஞ்சம் தடுமாறினாள். ஆனாலும் ஓடுகிற வண்டி. "சரி, காலை விந்தி நடக்கறாளே, அதைக் கேளுங்க. ஒரு வாரம் இடது பக்கம் பிடிச்சுக்குவா. அடுத்த வாரம் வலது பக்கம். 'வேஷம் போடறவளுக்கு எந்தக் கால்னாவது ஞாபகம் இருக்க வேண்டாமா'ன்னு நானே கேட்டிருக்கேன்."

"பக்கம் மாறி மாறி வலிக்குதா?" டாக்டர் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தலை குனிந்திருந்தாள். கழுத்து எவ்வளவு குனியுமோ அவ்வளவு. "எத்தனை நாளா குனிய முடியல?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றாள் பெரியவள். "விரிப்பு மடிக்கிறப்போ எப்பவும் நான்தான் குனியறேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய குரல் இறங்கியது. டாக்டரின் முகத்தில் அவள் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை.

"அம்மா, நீங்க சொன்னதெல்லாம் குறைன்னு நினைச்சுச் சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டிருந்தது ஒரு நோயோட அடையாளங்களை. சின்ன வயசுலயே மெல்ல ஆரம்பிக்கிற முதுகு வலி, காலை விறைப்பு, படுத்தாக் கூடி நடந்தாக் குறையறது, பக்கம் மாறி வலிக்கிறது, மாறி மாறிச் செவக்கிற கண்ணு. முதுகெலும்புல வர்ற அழற்சி வாதம் இது. கவனிக்காம விட்டா வருஷக்கணக்குல முதுகெலும்புக் கணுக்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இறுகிடலாம்."

"முதுகு நோவுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?"

"கிருமிகிட்டேர்ந்து உடம்பைக் காக்க வேண்டிய சக்தி, தடம் மாறி உடம்பையே தாக்குது. முதுகுல தாக்கினா விறைப்பு, கண்ணுல தாக்கினா சிவப்பு."

"ஒரே குழாய்லேர்ந்து ரெண்டு மெஷினுக்கும் தண்ணி போற மாதிரி," என்றாள் பெரியவள் மெதுவாக.

"அப்படியே வச்சுக்கோங்க. பல பேருக்குக் கண்ணுதான் முதல்ல காட்டிக் கொடுக்கும். எச்.எல்.ஏ. பி27னு ஒரு மரபணு அடையாளம் இருக்கு; ரத்தத்துல பார்க்கலாம். பெத்தவங்ககிட்டேர்ந்து வர்றது. ஆனா அது இருக்கிற நிறையப் பேருக்கு ஆயுசு முழுக்க ஒண்ணுமே வராது. அது இல்லாம நோய் வர்றவங்களும் உண்டு. அதனால அது தீர்ப்பு இல்ல, ஒரு தடயம், அவ்வளவுதான். அதையும், ஸ்கேனையும், நீங்க சொல்ற உண்மையையும் சேர்த்து வச்சு வாதநோய் டாக்டர் முடிவு பண்ணுவார்." சின்னவளின் பக்கம் திரும்பினார். "இப்போ மறுபடி கேட்கறேன். அப்பாவுக்கு?"

இத்தனை நாள் ஊர் பார்த்ததாகச் சொன்ன அழுகை அப்போதுதான் உண்மையில் வந்தது; அழுதபடியே 'ஆமாம்' என்று தலையாட்டினாள்.

வெளியே நடைபாதைப் பெஞ்சில், பாப்பாவை விரிக்கும் மருந்து விட்ட கண்ணை மூடியபடி, அப்பாவின் முதுகு, கண், ஸ்பிரிங் கதை, தங்கையின் கல்யாணம், சத்தியம் எல்லாவற்றையும் பெரியவளிடம் சொல்லி முடித்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? 'நோயாளியைத் தலையில கட்டிட்டாங்க'ன்னு சொல்லியிருக்க மாட்டீங்களா?"

பெரியவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"சொல்லியிருப்பேன்," என்றாள்.

ரத்தத்தில் அந்த அடையாளம் இருந்தது. இடுப்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டுகளில் அழற்சி இருப்பதை ஸ்கேன் காட்டியது. வாதநோய் டாக்டர், நோயை அடியோடு துடைத்துப் போட முடியாது, ஆனால் மருந்தும் தினமும் உடற்பயிற்சியும் இருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார். கண் தெளிந்தது. ஆனால் ஒட்டிக்கொண்ட திரை ஓரிடத்தில் விடவேயில்லை. இடது கண்ணின் பாப்பா இனி முழு வட்டமாக இராது.

முடிவுகளோடு வீட்டுக்கு வந்து அப்பாவின் கதையையும் சொன்னபோது அவள் கணவன் நெற்றியைச் சுருக்கினான். "அப்போ உங்க வீட்ல தெரிஞ்சேதான் மறைச்சாங்களா?"

சின்னவள் பயந்த பேச்சு கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் பதில் பெரியவளிடமிருந்து வந்தது.

"மறைச்சது தப்புதான். நீ என்ன கிழிச்சே? ஒரே கட்டில்ல படுக்கறே. அவ உருண்டு எழறது உனக்குத் தெரியல. நான் எதிர்முனையில நின்னு தினமும் பார்த்தேன். பார்த்தும் திட்டத்தான் தெரிஞ்சுது. நம்ம யோக்கியதைக்கு அவங்களைக் கேள்வி கேட்க வந்துட்டே!"

"இல்ல அண்ணி, நான் சும்மா..."

"சும்மாதான் இரு."

பிறகு போனை வாங்கிச் சின்னவளின் அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, நான் இங்க பெரியவ பேசறேன். உங்க மக கண்ணு மயிரிழையில தப்பிச்சுது. அவங்க அப்பா விஷயமும் தெரிஞ்சுபோச்சு."

மறுமுனையில் அம்மாவின் குரல் பதறியது. "ஐயோ... இளைய மக கல்யாணம்... யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

"கால் இருக்கட்டும். உங்க இளைய பொண்ணுக்குக் காலையில முதுகு வலிக்குதா? கேட்டிருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா. குதிகால்தான் ரொம்ப நாளா வலிக்குதுங்கறா. புதுச் செருப்பு கடிக்குது."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த நோயில் குதிகாலும் வலிக்கும் என்று வாதநோய் டாக்டர் சின்னவளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அம்மா, குதிகால் வலி ஆயிரம் காரணத்துல வரும். ஒண்ணும் இல்லாமலும் போகலாம். ஆனா அவ அப்பாவைச் சொல்லி, அக்காவைச் சொல்லி டாக்டர்கிட்டக் காட்டுங்க. அப்பாவுக்குக் கடிகாரம், அக்காவுக்குப் பவுடர், தங்கச்சிக்குச் செருப்பா? இன்னும் எத்தனை பேருக்குக் காரணம் தேடி வச்சிருக்கீங்க?"

"கல்யாணம் நின்னுடுமேம்மா..."

"நிக்கலாம். நிக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா முதுகு நின்னுபோச்சுன்னா, கண்ணு அணைஞ்சுபோச்சுன்னா, எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து திருப்பிக் கொடுப்பான்?"

அம்மா "அவர் என் முகத்தை நேராப் பார்த்தே பல வருஷமாச்சும்மா," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவளும் ஒரு கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

மறு வாரம் மடிப்பறையில் விரிப்புகள் வழக்கம்போல் குவிந்திருந்தன. சின்னவள் சுவரோரம் நின்று டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை முடித்துவிட்டுத் தன் முனையைப் பிடித்தாள். தையற்காரி வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, இப்போ கறுப்புக் கண்ணாடி வேற? இன்னும் அழுகை ஓயலையா?"

"உள்ள வா," என்றாள் பெரியவள். "வேலை செய்யறவங்களும் கேட்டுக்கோங்க. இவ அழல. இவளுக்குக் கண்ணுக்குள்ள நோவு, முதுகெலும்புல நோவு, ரெண்டும் ஒரே வியாதி. அவங்க அப்பாவுக்கும் இருக்கு."

"அக்கா, மெதுவா," சின்னவள் பதறினாள். "வெளியில கேட்கும்."

"கேட்கட்டும். கண்ணு திரும்பத் திரும்பச் செவந்து, வெளிச்சம் பட்டா வலிச்சா, மருந்துக் கடைக்குப் போகாதீங்க, கண் டாக்டர்கிட்டப் போங்க. முதுகு வலியையும் சேர்த்துச் சொல்லுங்க. காலையில எழ முடியாதவளைச் சோம்பேறின்னு சொல்றதுக்கு முன்னாடி, எங்க வலிக்குதுன்னு ஒரு தடவை கேளுங்க. நான் கேட்கல. குடும்பத்துல நோய் இருக்கிறது வெட்கம் இல்ல. அதைக் குடும்பத்துக்குள்ளயே பூட்டி வச்சு, பிள்ளைங்க முதுகையும் கண்ணையும் அதுக்குக் காவு கொடுக்கிறதுதான் வெட்கம்."

சைரன் தெருமுனை வரை போயிருக்கும். தையற்காரி உள்ளே வந்து விரிப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பிடி," என்றாள் பெரியவள்.

இருவரும் இழுத்தார்கள், மடித்தார்கள், நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். சின்னவள் தன் முனையைக் கொடுத்துவிட்டுக் கீழே தொங்கும் மடிப்பைப் பார்த்தாள்.

"இன்னிக்கு முடியுமா, இல்ல நான் எடுக்கட்டுமா?" என்று பெரியவள் கேட்டாள். குரல் அவளுக்கு மட்டும் கேட்கும் அளவில் இருந்தது.

"இன்னிக்கு முடியலக்கா," என்றாள் சின்னவள். காரணம் எதுவும் தேடாமல் அவள் சொன்ன முதல் பதில் அது.

பெரியவள் குனிந்தாள்.